காவலும் வேவும்: பிள்ளைகளும் போதையும் பற்றிச் சில சிந்தனைகள்

வளர்ந்துவரும் மகனின் புத்தகப் பையை அவனுக்குத் தெரியாமல் ஒரு தந்தை திறந்து பார்க்கலாமா? அவனது கைத்தொலைபேசியில் யார் யாரோடு என்ன பேசியிருக்கிறான் என்று ஒரு தாய் இரவில் எழுந்திருந்து வாசிக்கலாமா? ஒரு தலைமுறைக்கு முன்னர் இப்படி யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பிள்ளை நம்முடையது, பையும் நம் பணத்தில் வாங்கியது, பார்ப்பதற்கு என்ன தடை என்று கேட்டிருப்பார்கள். இன்று நமது ஊர்களில் பல பெற்றோர் இந்தக் கேள்வியைச் சிரிப்பில்லாமல் கேட்கிறார்கள். பைக்குள் என்ன இருக்கக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு வருபவர், ஒருநாள் இஷாவுக்குப் பின் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "காக்கா, மகன்ட பேக்க அவனுக்குத் தெரியாமத் தொறந்து பார்த்தா அது கடமையா, பாவமா?" பையனுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருப்பவன். அவன் மீது அவருக்கு உறுதியான சந்தேகம் என்று எதுவும் இல்லை. ஊரில் பிடிபட்ட சில பிள்ளைகள் இவனோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள், அவ்வளவுதான். எளிய மனிதரின் எளிய கேள்விதான். ஆயினும் அதற்குள் இரண்டு மார்க்கக் கட்டளைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன.

ஒன்று, தஹ்ரீம் அத்தியாயத்தின் 6ஆவது வசனம். விசுவாசிகள் தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கட்டளை. மற்றது, ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனம். மிகையான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லி, பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை, அதாவது தஜஸ்ஸுஸை, அது தடைசெய்கிறது. முதலாவது காவல் புரியச் சொல்கிறது. இரண்டாவது வேவு பார்க்காதே என்கிறது. பிள்ளையைப் பொறுத்தவரை காவல் எங்கே முடிகிறது, வேவு எங்கே தொடங்குகிறது? இந்தக் கோட்டை எங்கே வரைவது என்பதுதான் நான் இங்கு சிந்திக்க விரும்பும் விடயம்.

பராயமும் பக்குவமும்

பிள்ளை "பிறர்" அல்லவே, தஜஸ்ஸுஸ் பற்றிய தடை பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். நூர் அத்தியாயத்தின் 58ஆம், 59ஆம் வசனங்கள் இதற்கு வெளிச்சம் தருகின்றன. சிறு பிள்ளைகள் நாளில் மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே பெற்றோரின் அறைக்குள் வரவேண்டும். பராயமடைந்த பின்னர் மற்றவர்களைப் போலவே எப்போதும் அனுமதி கோர வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களிடையேயும் ஒருவருக்கொருவர் மதிக்க வேண்டிய ஓர் எல்லை உண்டு என்பதைக் குர்ஆன் வீட்டுக்குள்ளேயே கற்றுத் தருகிறது. கதவைத் தட்டிவிட்டு வா என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், தாம் மட்டும் அவனது கதவைத் தட்டத் தேவையில்லை என்று எண்ணுவது எவ்வளவு காலம் செல்லும்?

ஆனால் பராயமடைந்துவிட்டான் என்பதற்காக அவனை அவன்பாட்டில் விட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. நிஸா அத்தியாயத்தின் 6ஆவது வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு நுணுக்கமான வேறுபாட்டைச் செய்கிறது. அவர்கள் திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், அவர்களிடம் "ருஷ்த்" என்ற பக்குவத்தைக் கண்டால் சொத்தை ஒப்படையுங்கள் என்பது அங்குள்ள வழிகாட்டல். உடல் பராயமடைவது வேறு, அறிவு பக்குவமடைவது வேறு. ஷாபிஈ மத்ஹபினரான நம்மில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். பக்குவம் வராத இளைஞனின் சொத்தை 25 வயது வரை தடுத்து வைக்கலாம் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. இன்றைய நரம்பியல் அறிவும் இதற்குத் தூரமானதல்ல. அவசர உந்துதலைக் கட்டுப்படுத்தி, பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று அது கூறுகிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் உடலில் வேகம் வந்துவிட்டது, பிரேக் இன்னும் முழுதாகப் பொருத்தப்படவில்லை. அந்த இடைக்காலத்தில் மூளையைத் தொடும் எந்தப் பொருளும் வளர்ந்தவரில் ஏற்படுத்துவதைவிட ஆழமான தடத்தை விடக்கூடும். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அவற்றை விற்பதைத் தடைசெய்திருப்பதும் இந்த இடைக்காலத்தை மனதிற்கொண்டுதான்.

அந்த வசனத்தில் என்னைக் கவர்வது "சோதித்து வாருங்கள்" என்ற சொல். பொறுப்பாளர் அநாதையின் சொத்தைப் பூட்டி வைத்திருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று சாவியைக் கொடுப்பதில்லை. சிறிது சிறிதாக அவன் கையில் கொடுத்து, எப்படிக் கையாள்கிறான் என்று பார்க்கிறார். பெற்றோரின் அதிகாரமும் இத்தகையதே என்பது என் கருத்து. அது உடைமையாளரின் அதிகாரமல்ல, அமானிதத்தைக் காப்பவரின் அதிகாரம். காக்க வேண்டிய பொருளும் இங்கே சொத்தைவிடப் பெரியது. ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்து அடிப்படைகளில் ஒன்றாக அறிஞர்கள் எண்ணும் "அக்ல்" எனும் புத்தியே அது. போதைப்பொருள் தடைக்கு அறிஞர்கள் கூறும் முதற்காரணமும் அதுதான்.

பெற்றோருக்கு எப்படித் தெரியவருகிறது?

அறநெறியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடைமுறையை மட்டும் பார்த்தாலும் வேவு பார்ப்பது பயன் தருகிறதா என்ற கேள்வி உண்டு. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்பதை அறிந்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் விழுவது குறைவு என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். எனவே பெற்றோர் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்பதே எல்லோரும் எடுத்த முடிவாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களது பெற்றோரையும் ஆராய்ந்து, அந்த முடிவைப் பற்றி ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். பெற்றோருக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? அவர்கள் கண்ட விடை எதிர்பாராதது. விசாரித்ததாலும் கட்டுப்படுத்தியதாலும் கிடைத்த அறிவைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதால் கிடைத்த அறிவே பெரிது. எல்லாம் தெரிந்த பெற்றோர் என்று நாம் கருதியவர்கள் பெரும்பாலும் திறமையான துப்பறிவாளர்கள் அல்லர். பிள்ளைகள் வந்து பேசக்கூடிய பெற்றோர் அவர்கள்.

இதைச் சற்று ஆறுதலாக யோசித்துப் பார்த்தால் விளங்கும். பதினாறு வயதுப் பையனின் ஒரு நாளில் நாம் பார்ப்பது எவ்வளவு? பாடசாலை, ரியூசன், மைதானம், சந்தி, தொலைபேசித் திரை, இவை எதிலும் நாம் இல்லை. பையைத் துழாவினால் பையில் வைத்திருப்பது மட்டும்தான் தெரியும். பையைத் துழாவுகிறார்கள் என்று தெரிந்தவன் பையில் வைக்க மாட்டான். வேவு பார்ப்பதால் பிள்ளை போதையை விடுகிறானோ இல்லையோ, மறைக்கும் கலையைக் கற்றுக்கொள்கிறான்.

இதை அறுநூறு வருடங்களுக்கு முன்னரே இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் எழுதியிருக்கிறார். மாணவரைக் கடுமையாக நடத்துவது பற்றிய அத்தியாயத்தில், கொடுமைக்கும் அடக்குமுறைக்கும் உள்ளாகி வளரும் பிள்ளை உற்சாகத்தை இழப்பதையும், தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் வஞ்சகத்தையும் கற்று, அதுவே அவனது இயல்பாகிவிடுவதையும் அவர் விளக்குகிறார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வாழும் மனிதன் பிறவியில் அப்படி வந்தவனல்லன். அச்சத்தினால் அப்படி ஆக்கப்பட்டவன்.

கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துக்கூறும் ஒரு சம்பவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. மதீனாவில் இரவுக் காவலாகச் சென்ற உமர், ஒரு வீட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மதிலேறி உள்ளே பார்த்தார். அங்கே ஒருவன் மதுவோடு இருந்தான். கலீபா அவனைக் கண்டித்தபோது, நான் செய்த குற்றம் ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று என்று அவன் பதில் சொன்னான். துருவி ஆராய்ந்தது, வாசலால் வராமல் மதிலால் வந்தது, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தது. உமர் அதை ஏற்றுக்கொண்டார். உன்னை விட்டுவிட்டால் திருந்துவாயா என்று கேட்டு, அவன் வாக்களிக்க, திரும்பிச் சென்றார். மது கெட்டதல்ல என்று எந்த இடத்திலும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தாம் வந்த வழி பிழை என்பதைத்தான் ஒப்புக்கொண்டார். சரியான நோக்கத்துக்கும் சரியான வாசல் வேண்டும்.

மணம் வராத போதை

நமது சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கு பேசியாக வேண்டும். முஸ்லிம் ஊர்களில் மதுவுக்கு எதிரான உணர்வு வலுவானது. குடித்தவன் என்று பெயரெடுத்தவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், ஊர் விடயங்களில் அவன் வாய் திறக்க முடியாது. இது நமக்கு ஒரு பெரும் பாதுகாப்பாக இருந்து வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் வெட்கத்தின் மீது கட்டப்பட்டது. வெட்கம் என்பது பிறர் காண்பதைச் சார்ந்தது. மது மணக்கும், நடையைத் தள்ளாட வைக்கும், பேச்சைக் குழறச் செய்யும். கையடக்கமான தூளும் குளிசையும் அப்படி மணப்பதில்லை. பிறர் காண்பார்கள் என்பதற்காக மட்டும் மதுவைத் தவிர்க்கக் கற்ற பிள்ளை, பிறர் காணாத ஒன்று கையில் வந்தால் எதை நினைத்துத் தவிர்ப்பான்?

"குடு" என்று நாம் அழைக்கும் ஹெரோயின் இந்த நாட்டில் பரவத் தொடங்கியது 1980களில். 1984இல் சட்டம் திருத்தப்பட்டு அதன் வியாபாரத்துக்கு மரண தண்டனை வரை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைக்கப்பட்டது. 2022இல் வந்த திருத்தம் "ஐஸ்" என்னும் மெத்தம்பெட்டமைனையும் அந்தக் கடும் தண்டனைக்குள் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற பெயரில் பொலிஸார் நாடெங்கும் பெரும் சுற்றிவளைப்பைத் தொடங்கினார்கள். நாற்பது வருடங்களாகச் சட்டம் கடுமையாகிக்கொண்டே வருகிறது. பொருளும் ஊருக்கு ஊர் வந்துகொண்டே இருக்கிறது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலையைச் சட்டம் செய்து தராது என்றுதான் சொல்கிறேன்.

இளைஞர் சிலர், குர்ஆன் தடுத்தது மதுவைத்தானே, இதைப் பற்றி எங்கே இருக்கிறது என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். இது புதிய வாதமல்ல. பதினான்காம் நூற்றாண்டில் எகிப்திலும் ஷாமிலும் ஹஷீஷ் பரவியிருந்தபோது இதே வாதம் எழுந்தது. இமாம் ஸர்கஷீ அதற்கென்றே தனி நூல் எழுதினார். இப்னு தைமிய்யாவும் கடுமையாகத் தீர்ப்பளித்தார். போதை தருவது எதுவோ அதெல்லாம் மதுவே என்ற நபிமொழி அவர்களுக்கு அடிப்படை. ஆக, மார்க்கத் தீர்ப்பில் குழப்பமில்லை. குழப்பம், அந்தத் தீர்ப்பை நாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் முறையில்தான். "ஹராம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். ஏன் என்று கேட்பதையே எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறோம்.

இறைவன் அப்படிச் செய்யவில்லை. மது பற்றிய தடை ஒரே நாளில் வரவில்லை. அதில் பயனும் உண்டு, ஆனால் தீங்கே பெரிது என்று முதலில் சிந்திக்க வைத்து, பிறகு போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று கட்டுப்படுத்தி, இறுதியாகவே முற்றாக விலக்கச் சொன்னான். அந்த இறுதித் தடையிலும் காரணம் சொல்லப்படுகிறது: பகையும் வெறுப்பும் உண்டாகும், இறைநினைவும் தொழுகையும் தடைப்படும். முதலில் இறங்கிய வசனமே மதுவைக் குடிக்காதீர்கள் என்று இருந்திருந்தால் மக்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள் என்ற கருத்தை அன்னை ஆயிஷா (ரழி) கூறியதாக புஹாரியில் பதிவாகியிருக்கிறது. நமது பிள்ளைகளுக்குத் தடை ஏற்கெனவே முழுமையாக வந்துவிட்டது, அதைப் படிப்படியாக்கச் சொல்லவில்லை. உள்ளத்தைத் தயார்படுத்தாமல் சொல்லப்படும் தடை காதோடு நின்றுவிடும் என்பதே நாம் பெற வேண்டிய பாடம்.

விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞனை நபிகளார் (ஸல்) நடத்திய முறை நாம் அடிக்கடி குத்பாக்களில் கேட்பது. சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபிகளாரோ அருகே வா என்றார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று அவனையே யோசிக்க வைத்து, அவன்மேல் கைவைத்து துஆச் செய்தார்கள். இச்சம்பவத்தைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், நம் மகன் வீட்டில் வந்து, "வாப்பா, ஐஸ் அடிச்சா என்ன செய்யும்?" என்று கேட்டால் அருகே வா என்று சொல்வோமா, அல்லது யாரிடம் கேள்விப்பட்டாய் என்று அதட்டத் தொடங்குவோமா?

அதே வேளையில், நம் வாயால் சொல்வதற்கும் கையால் செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைகள் நன்றாகவே அளந்து வைத்திருக்கிறார்கள். மகனையே கடைக்கு அனுப்பி சிகரட் வாங்குவிக்கும் தந்தை, புகையிலை போட்டு மென்றுகொண்டே போதையின் தீமை பேசும் பெரியவர், இவர்களது சொல் எடுபடாது. 2016இல் மெல்லும் புகையிலைக் கலவைகள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பின்னரும் பாபுலும் மாவாவும் நமது கடைத்தெருக்களில் கிடைப்பதற்கு வெளியூரார் மட்டும் காரணமல்லர். அவற்றை விற்பவர்கள் பள்ளிவாசலின் முன் ஸஃப்பில் நிற்பவர்களாகவும் இருக்கலாம்.

மூடி வைப்பதும் மூடி மறைப்பதும்

பிள்ளை தவறிவிட்டான் என்று தெரியவந்தால் என்ன செய்வது? இங்கும் நமக்கு இரண்டு வழிகாட்டல்கள் உண்டு. பிறர் குறையை மூடுபவனின் குறையை இறைவன் மூடுவான் என்பது ஒன்று. தீமையைக் கண்டால் தடுக்க வேண்டும் என்பது மற்றது.

இமாம் கஸ்ஸாலி பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது மிக நுட்பமான ஓர் ஆலோசனை தருகிறார். பிள்ளை ஒருமுறை தவறு செய்து, அதை மறைக்க முயன்றால் காணாததுபோல் இருந்துவிட வேண்டும். அவனது மானத்தைக் கிழித்துவிடக் கூடாது. கிழிந்துவிட்டால் அடுத்த முறை அவனுக்குத் துணிச்சல்தான் வரும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். அதையும் அளவோடு செய்ய வேண்டும், ஏனெனில் ஓயாத கண்டனத்தைக் கேட்டுப் பழகிய உள்ளத்தில் சொல் இறங்காது. ஒரு சிகரட்டை ஒருமுறை பிடித்துப் பார்த்த பிள்ளை விடயத்தில் இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

ஆனால் ஹெரோயினும் ஐஸும் அந்த வகையைச் சேர்ந்தவையல்ல. காணாததுபோல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அங்கே பிடி இறுகுகிறது. இரவிரவாகத் தூங்காமல் இருப்பது, பசியின்றி மெலிவது, வீட்டில் பணமும் பொருளும் காணாமற்போவது, பழைய நண்பர்கள் மறைந்து புதியவர்கள் வருவது என்பவை ஒன்றுசேர்ந்து தெரியும்போது மௌனம் அருளல்ல, கைவிடல்.

இந்த இடத்தில்தான் நமது குடும்பங்கள் தடுமாறுகின்றன என்று நான் நினைக்கிறேன். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதே முதல் கவலையாகிறது. மூத்தவளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும், வாப்பாவின் நிர்வாகப் பதவிக்கு இழுக்கு, பாடசாலையில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றெல்லாம் எண்ணி, வைத்தியரிடம்கூடப் போவதில்லை. தாயின் நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும்போதும் வாயைத் திறப்பதில்லை. பொலிஸார் வீட்டு வாசலில் நிற்கும் நாளில்தான் விடயம் வெளிவருகிறது. 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் மோதல் ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியை அறிந்த தாய்மார், பிள்ளையை இன்னும் ஆழமாக மறைத்ததிலும் வியப்பில்லை.

பிள்ளையின் குறையை மூடுவது வேறு. நமது பெயரைக் காப்பதற்காகப் பிள்ளையை மூடி மறைப்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இந்த மௌனத்தால் நன்மை அடைவது யார்? அயலவரிடமிருந்து மறைப்பதால் பிள்ளைக்குத் திரும்பி வரும் வழி திறந்திருக்கிறது. வைத்தியரிடமிருந்தும் ஆலோசகரிடமிருந்தும் மறைப்பதால் அந்த வழி அடைபடுகிறது. முன்னையது அருள். பின்னையதில் பிள்ளை நமது மானத்துக்குப் பலியாகிறான். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, மேலே சொன்ன சபையின் ஆலோசனை, சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. அடிமைத்தனம் என்பது சிகிச்சை வேண்டும் ஒரு நோய் நிலை என்பதை ஏற்றுக்கொள்வது, அது பாவம் என்பதை மறுப்பதாகாது.

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது நபிகளார் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். புஹாரியில் வரும் இச்சம்பவத்தில் தண்டனையும் இருக்கிறது, சாபத்துக்கான தடையும் இருக்கிறது. செயலைக் கண்டிக்கும்போதே மனிதனைத் தன்னவன் என்று வைத்துக்கொள்ளும் அந்தச் சமநிலை கடினமானது. நம் வீடுகளில் கோபம் ஏறும்போது நாக்கில் முதலில் வருவது, "நீ என்ட புள்ளையே இல்ல" என்பதுதான். போதை விற்பவன் காத்துக்கொண்டிருப்பதும் இந்த வசனத்துக்குத்தான். வீட்டில் இடமில்லாதவனுக்கு அவன் இடம் கொடுப்பான்.

தனி வீட்டின் வேலையல்ல

இவ்வளவும் சொன்னபின், எல்லாப் பழியையும் பெற்றோரின் தலையில் போட்டுவிட்டேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நூஹ் நபியின் மகன் கப்பலில் ஏற மறுத்தான். அழைக்காததால் அல்ல, அழைத்தும் மறுத்தான். பெற்றோர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பிள்ளை தவறுவதுண்டு. வறுமையால் மத்திய கிழக்குக்குப் போன தாயையும், கட்டாரில் உழைக்கும் தந்தையையும் பார்த்து, பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று குற்றம் சொல்வது நமக்கு இலகு. அவர்கள் அனுப்பும் பணத்தில் கட்டிய பள்ளிவாசலில் இருந்துகொண்டு நாமே அதைச் சொல்கிறோம்.

ஐஸ்லாந்து நாட்டின் அனுபவம் இந்த விடயத்தில் யோசிக்க வைக்கிறது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதமானோர் முந்தைய மாதத்தில் போதையேறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. தினமும் புகைப்போர் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தும் சொற்பொழிவுகளை நம்பியிருக்கவில்லை. விளையாட்டுக்கும் கலைக்கும் பொதுப் பணத்தைச் செலவிட்டார்கள். 13 முதல் 16 வயது வரையானோர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பின்னும் கோடையில் நள்ளிரவுக்குப் பின்னும் தனியே வெளியில் இருக்கக்கூடாது என்று விதித்தார்கள். பெற்றோர் ஒன்றுகூடித் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நான்கு இலட்சம் பேர்கூட இல்லாத செல்வந்த நாடு அது. அப்படியே இங்கு பெயர்த்து வைக்க முடியாது. ஆயினும் அந்த உடன்படிக்கை நமக்கு அந்நியமானதல்ல. "எல்லாரையும் விடுறாங்க, என்னை மட்டும் ஏன் தடுக்கிறீங்க?" என்பதுதான் பிள்ளையின் பலமான வாதம். எல்லா வீட்டிலும் ஒரே நேரம் என்றால் அந்த வாதம் விழுந்துவிடுகிறது.

மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது நமது ஊர்களில் எழுதப்படாத சட்டமாக ஒரு காலத்தில் இருந்தது. அதை உடைத்தது பிள்ளைகள் அல்லர். இரவு ஒன்பது மணிவரை ரியூசன் வகுப்பு வைத்த பெரியவர்களும், பெறுபேற்றுக்காக அதை ஏற்றுக்கொண்ட பெற்றோரும்தான். மைதானங்களைக் கடைத்தொகுதியாக்கியதும் நாம்தான். பள்ளிவாசல் நிர்வாகங்கள் போதைக்கெதிராக வருடத்துக்கு ஒரு குத்பாவும் ஒரு ஊர்வலமும் நடத்துவதோடு நில்லாமல், ஒரு மஹல்லாவின் பெற்றோரைக் கூட்டி, வகுப்பு நேரத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் ஒன்றாகத் தீர்மானிக்கச் செய்தால், அதில் செலவும் இல்லை, சண்டையும் இல்லை. தந்தை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு ஒரு மாமாவோ ஒரு ஆசிரியரோ பொறுப்பேற்பதும் அங்கேயே பேசப்படலாம்.

கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் வந்துசேரும் இடம். டயானா பௌம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் பெற்றோரை வகைப்படுத்தியபோது, அடக்கி ஆளுவோர், எதையும் அனுமதிப்போர் என்ற இரு வகைக்கும் அப்பால், விதியையும் வைத்து, அதன் காரணத்தையும் சொல்லி, பிள்ளையின் பேச்சையும் கேட்போரை மூன்றாம் வகையாகக் காட்டினார். லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் படிப்பவர்களுக்கு இது புதியதாகத் தோன்றாது. கண்டிப்பான கட்டளைகள் அங்கே உண்டு. ஒவ்வொன்றும் என் அருமை மகனே என்ற பரிவான விளிப்பின் நிழலில் வருகிறது.

அந்த வியாபாரிக்கு நான் சொன்ன பதிலும் இதை ஒட்டியதே. காரணமில்லாமல் பையைத் திறக்காதீர்கள், அது அவனிடம் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நீங்களே திருடுவதாகும். காரணம் இருந்தால் திறவுங்கள், ஆனால் அவன் முன்னிலையில், ஏன் திறக்கிறேன் என்று சொல்லித் திறவுங்கள். ஒளித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு எப்படிப் பேச்சைத் தொடங்குவீர்கள்? உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் நிலை வந்தால் மட்டும் எதையும் பார்க்காமல் திறவுங்கள். வீடு எரியும்போது யாரும் கதவைத் தட்டி நிற்பதில்லை.

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவன் என்னோட கதைக்கிறதே இல்லையே காக்கா" என்றார். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. பதினாறு வயதில் திடீரென்று பேச்சைத் தொடங்குவது கடினம், ஆனால் முடியாததல்ல. கடையைப் பூட்டும் நேரத்தில் அவனையும் அழைத்து நாளின் கணக்கைப் பார்க்கச் சொல்லலாம். சிறிய பொறுப்பொன்றைக் கொடுத்து, அவன் பிழைவிட்டால் சத்தம் போடாமல் இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் பரீட்சையைத் தவிர வேறு எதையாவது கேட்கலாம். என்றைக்காவது அவன் ஒரு சிறு உண்மையை, நண்பன் ஒருவன் சிகரட் பிடித்தான் என்பது போன்ற ஒன்றை, வந்து சொன்னால், அப்போது நமது முகம் எப்படி மாறுகிறது என்பதை அவன் கவனித்துக்கொண்டிருப்பான். அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவன் முடிவுசெய்வான்.